ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ரேமைப் பாருங்கள்

கோவில்பட்டியில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது வீட்டுக்காரர். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கழித்து, ஆல்பம் பக்கம் அமைத்துப் பிரிண்ட்டுக்கு அனுப்புவது என் பாடு. நான் கம்ப்யூட்டர் படித்தவள் கிடையாது. போன கத்திரி வெயிலில் ஒரு ரேம் (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற நினைவகம்) என்னை மூன்று வாரம் ஆட்டி வைத்தது. அந்த வகையில் ரேமைச் சோதிக்கிற வேலை மட்டும் கைக்கு வந்துவிட்டது. என்னைப் போல டிடிபி, ஸ்டுடியோ, பில்லிங் என்று ஒரே மெஷினை நம்பிப் பிழைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு வளைகாப்புப் படத்தில்தான் ஆரம்பித்தது. திறந்தால் பெண்ணின் நெற்றி, கண், மூக்கு எல்லாம் சரி. தாடைக்குக் கீழே படம் முழுக்க ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்ந்து, கத்திரிப்பூ நிறத்தில் கிடந்தது. கார்டு போச்சு என்றார் வீட்டுக்காரர். புதுக் கார்டு வாங்கினோம். அப்புறமும் வந்தது. சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டால், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்குக்கா, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்றார். போட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மெஷின் நின்றுபோய் நீலத்திரை. மறுபடியும் ஃபார்மட். ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய். அதோடு ஃபான்ட், பிரிண்டர், ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற எனக்கு ஒரு முழு நாள்.

கடைசியில் அக்கா மகன் போனில் கேட்ட ஒரு கேள்வியில்தான் விஷயம் பிடிபட்டது. "சித்தி, கெட்டுப்போன அதே படத்தைக் கார்டுலருந்து இன்னொரு தடவ காப்பி பண்ணிப் பாத்தீங்களா?" பண்ணினேன். இந்தத் தடவை அந்தப் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அதே ஃபோல்டரில் இதற்கு முன் நன்றாக இருந்த வேறொரு படம் கெட்டிருந்தது. கார்டில் பழுது என்றால் பெரும்பாலும் அதே படம்தான் திரும்பத் திரும்பக் கெடும். தடவைக்குத் தடவை வேறு வேறு படம் கெடுகிறது என்றால், வழியில் எங்கேயோ ஒருவன் கை வைக்கிறான் என்று அர்த்தம். கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற எதுவும் ரேமில் இறங்கித்தான் போகும்.

ரேம் சந்தேகத்துக்கு வேறு அடையாளங்களும் உண்டு. நீலத்திரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லும். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட். டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல் விரியாமல் சிஆர்சி எரர் என்று நிற்கும். விண்டோஸ் ஏற்றும்போதே பாதியில் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும். ஆன் செய்ததும் திரை வராமல் நீளநீளமாக பீப் அடித்தால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை அல்லது முழுதாகச் செத்துவிட்டது. அது ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி உயிரோடு இருக்கிற ரேம்தான் ஆளைக் கொல்லும்.

ஏன் ஒரு படம் பாதியிலிருந்து கெடுகிறது என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் (ஒரு 0 அல்லது 1) கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மின்தேக்கியில் நிற்கிறது. அது ஓட்டைக் குடம் மாதிரி. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று நிரப்பிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் கசிவும் ஏறும். என் மெஷினில் 16 ஜிபி. பிட் கணக்கில் 13,700 கோடிக்கு மேல். அதில் ஒரே ஒரு குடம் அடுத்த சுற்று வருவதற்குள் வடிந்துவிட்டால் போதும். ஜேபெக் படம் சுருக்கி மடித்து வைத்த சங்கதி. ஒரு பிட் மாறினால் அங்கிருந்து பிரித்துப் படிப்பதில் தடம் புரண்டு, கீழே உள்ளதெல்லாம் நிறம் மாறி நகர்ந்துவிடும். தாடைக்குக் கீழே கத்திரிப்பூ வந்த கதை இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பென்டிரைவில் ஏற்றி ஓட்டுகிற பெரிய சோதனைக்கு முன் சின்னச் சோதனை ஒன்று. ஒரு பெரிய ஃபோல்டர், ரேமின் அளவைவிடப் பெரியதாக இருந்தால் நல்லது. என்னுடையது 38 ஜிபி. ஜிப் ஃபைல் விரிக்கிற 7-ஜிப் மென்பொருள் போட்டிருந்தால் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்று ஒரு வரி வரும். அதில் எஸ்ஹெச்ஏ-256 கொடுத்தால் எல்லா ஃபைலையும் படித்து ஒரு நீண்ட எண் தரும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடாமல் இன்னொரு தடவை கொடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு மூன்று தடவையில் இரண்டு எண் ஒத்துப்போனது, மூன்றாவது வேறு. டிஸ்க்கில் யாரும் எதையும் மாற்றவில்லை. படிக்கிற வழியில் மாறியிருக்கிறது. இதை வைத்து ரேம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, டிஸ்க் கேபிளாகவும் இருக்கலாம். ஆனால் இதைப் பார்த்ததும் நான் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்யுங்கள்: அந்த மெஷினில் எதையும் காப்பி எடுக்காதீர்கள், பேக்கப் போடாதீர்கள், கார்டை அழிக்காதீர்கள். கெட்ட ரேம் வழியாக எடுக்கிற பேக்கப்பும் கெட்ட பேக்கப்தான்.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும். ரீஸ்டார்ட் ஆகி நீலப் பின்னணியில் ஓடும். எஃப்1 அழுத்தினால் பேசிக், ஸ்டாண்டர்ட், எக்ஸ்டெண்டட் என்று மூன்று அளவு. எக்ஸ்டெண்டட் வையுங்கள், இரவு போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். முடிவு திரும்ப விண்டோஸ் வந்ததும் மூலையில் தோன்றி மறைந்துவிடும். தவறவிட்டால் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம், அங்கே மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் கிடக்கும். இது பழுது என்று சொன்னால் நம்புங்கள். பழுதில்லை என்று சொன்னால் அதை வைத்து விட்டுவிடாதீர்கள். எனக்குக் காலை 6 மணிக்குப் பழுதில்லை என்றுதான் சொன்னது.

உண்மையான வேலைக்கு மெம்டெஸ்ட்86+, விண்டோஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே ஓடி ரேமைச் சோதிக்கிற மென்பொருள். இந்தப் பெயரில் இரண்டு இருப்பதால் குழம்பாதீர்கள். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 தான் மூலம். அதிலிருந்து 2004-இல் பிரிந்தது பிளஸ் போட்டது. முழுக்க இலவசம், எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடும். பிளஸ் இல்லாததை 2013-இலிருந்து பாஸ்மார்க் என்ற நிறுவனம் நடத்துகிறது; அதன் இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். இரண்டும் நல்லவைதான். நான் பிளஸ் எடுத்தேன், சுற்றுக் கணக்கு இல்லாததால். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்புக்கு அப்புறம் உள்ளதாக எடுங்கள். அதற்கு முந்தையது, யூஇஎஃப்ஐ என்ற புது வகைத் தொடக்க மென்பொருள் உள்ள இன்றைய மெஷின்களில் மக்கர் செய்யும்.

அவர்கள் தளத்தில் விண்டோஸ் யூஎஸ்பி இன்ஸ்டாலர் என்று ஒன்று இருக்கும். பழைய சின்ன பென்டிரைவே போதும், ஆனால் அதில் உள்ளது அழிந்துவிடும். யாருடைய கல்யாணப் படமும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடிந்ததும் மெஷினை அணைத்து, ஆன் செய்த கையோடு எஃப்8, எஃப்11, எஃப்12 அல்லது எஸ்கேப். மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். வருகிற பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

பென்டிரைவில் கிளம்ப மறுத்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற மெஷினின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (அங்கீகரித்ததை மட்டும் கிளம்பவிடுகிற காவல்) தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, குறிப்பாக லேப்டாப்காரர்களுக்கு. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டி வைத்திருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டதும் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு அப்புறம் பயாஸுக்குள் போங்கள். நாம் பூட்டவே இல்லையே என்று நினைக்க வேண்டாம். புது மெஷின்கள் பலவற்றில் அது தானாகவே பூட்டிக்கொண்டு வருகிறது.

பயாஸ் வரை போனதற்கு இன்னொன்றும் செய்துவிடுங்கள். எக்ஸ்எம்பி என்று ஒரு வசதி ஆன் ஆகியிருந்தால் முதல் சோதனையை அதோடேயே ஓட்டுங்கள். பிழை வந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அது ரேமைச் சாதாரண வேகத்துக்கு மேல் முடுக்குகிற ஏற்பாடு. டிடிஆர்4 வகை ரேமுக்கு வழக்கமான 1.2 வோல்ட்டைப் பெரும்பாலும் 1.35 ஆக்கிவிடும். அணைத்ததும் பிழை நின்றுவிட்டால், அந்த வேகத்தை உங்கள் போர்டோ பிராசஸரோ தாங்கவில்லை என்று பொருள். ரேம் நல்லதாகவே இருக்கலாம்.

சோதனை தானாக ஆரம்பித்துவிடும். மேலே பாஸ், டெஸ்ட் என்று இரண்டு கோடு நகரும். 0-இலிருந்து 10 வரை பதினொரு சோதனை சேர்ந்தது ஒரு சுற்று. எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிப் படிப்பது, ஒன்று எழுதிப் படிப்பது, ஒவ்வொரு இடத்திலும் அதன் முகவரியையே எழுதி இடம் மாறாமல் வருகிறதா என்று பார்ப்பது, பெரிய கட்டுகளை இங்கிருந்து அங்கே நகர்த்துவது என்று போகும். 10-ஆவதுதான் எனக்குப் பிடித்தது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப வந்து எழுதியது அப்படியே நிற்கிறதா என்று பார்க்கும். அந்த நேரம் மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை அணைத்தேன்.

நடுவில் கரண்ட் போனால் பயம் வேண்டாம். இது டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. வந்ததும் முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? என் மெஷினில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் சுற்று முடிந்ததும் பெரிய பச்சை எழுத்தில் பாஸ் என்று வந்தது. அப்பாடா என்று எழுந்திருப்பேன்; அக்கா மகன்தான் விடவில்லை. "குறைஞ்சது நாலு சுத்து, சித்தி. ஒரு நாள் முழுக்க ஓடட்டும்." காலை 9 மணிக்கு ஆரம்பித்தது. நான் ஏசி போடவில்லை, கேபினெட்டின் பக்கப் பலகையையும் மூடித்தான் வைத்திருந்தேன். நல்ல வேளை. நிறைய பேர் சோதிக்கும்போது மட்டும் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். வேலை நேரத்தில் எந்தச் சூட்டில் ஓடுமோ அந்தச் சூட்டில் சோதித்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

மதியம் ஒன்று தாண்டி, நான்காவது சுற்றில், பூஜ்யமும் ஒன்றும் எழுதிப் படிக்கிற 3-ஆம் எண் சோதனை வந்தபோது சிவப்பாக ஒரு வரி விழுந்தது.

அந்த வரியை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். இருக்க வேண்டியது என்ற இடத்தில் பதினாறு பூஜ்யம். பக்கத்தில், கிடைத்தது என்ற இடத்தில் அதே பதினாறு இலக்கம். ஆனால் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் மட்டும் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு 4. பத்து நிமிஷத்தில் அதே போல ஏழு வரி. எல்லாவற்றிலும் அதே முகவரி, அதே இடத்தில் அதே 4. எல்லா இடத்திலும் 1 எழுதிப் படிக்கும்போது மட்டும் பிழை இல்லை. 4 என்றால் அந்த இலக்கத்தின் நான்கு பிட்டில் ஒன்றே ஒன்று எழுந்து நிற்கிறது. ஆக, சூடு ஏறியதும் 1-க்குச் சாய்ந்துவிடுகிற ஒரே ஒரு பிட். காலையில் குளிர்ச்சியில் ஒழுங்காக இருந்துகொண்டு, மதியம் வேலையைக் காட்டுகிறது. ஃபார்மட் போட்ட தம்பி வந்ததெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்.

இப்படி ஒரே பிட் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் சில்லில் பழுது என்று பெரும்பாலும் சொல்லலாம். திரை முழுக்க ஆயிரக்கணக்கில், வேறு வேறு முகவரியில், வேறு வேறு இலக்கத்தில் கொட்டினால் ரேம் சரியாக உட்காராதது, ஸ்லாட் (போர்டில் ரேமைச் செருகுகிற இடம்), எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி), அல்லது எக்ஸ்எம்பி என்று சந்தேகப்படுங்கள். எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று என்னிடம் ஒரு கடைக்காரர் பேரம் பேசினார். ஒன்றுகூடப் பரவாயில்லை கிடையாது.

முகவரிக்குப் பக்கத்தில் 6.2 ஜிபி என்று போட்டிருந்தது. என்னிடம் 8 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு. 6.2 என்றால் முதல் ஸ்டிக்தான் என்று கணக்குப் போட்டு, அதைக் கழற்றிக் கவரில் போட்டுவிட்டேன். தப்பு. இரண்டு ஸ்டிக் போட்டால் போர்டு டூயல் சேனலில் ஓட்டும். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி எழுதும். முகவரியை வைத்து ஸ்டிக்கைச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கழற்றுவதற்கு முன் மெஷினை அணைத்து, பின்னால் உள்ள கேபிளைப் பிடுங்கி, அதற்கப்புறம் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தியிருங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் எழும்பும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும், இல்லாத பக்கத்தை நெம்பாதீர்கள். தங்க நிறப் பற்களை விரலால் தொடாதீர்கள். அதில் கறுப்பு படிந்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை பிரஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் காய்ந்த பிரஷால் தூசு தட்டுங்கள். எங்கள் ஸ்லாட்டில் ஒரு கரப்பான் கால் இருந்தது. பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வார்கள், எனக்குத் தீரவில்லை.

திரும்பப் போடும்போது ரேமின் அடியில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். ஸ்லாட்டின் மேட்டோடு அதைப் பொருத்தி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். டக் என்று சத்தம் வர வேண்டும்.

இனி ஒரு பேப்பர் எடுத்து எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட், பிழை வந்ததா என்று கட்டம் போடுங்கள். ஸ்டிக்குகளுக்கு ஸ்கெட்ச்சால் ஒன்று, இரண்டு என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கம்பெனி ஸ்டிக்கர் மேல் எழுதவோ அதைக் கிழிக்கவோ கூடாது, வாரண்டி போய்விடும். முதலில் ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். அப்புறம் அதே ஸ்லாட்டில் இரண்டை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ஸ்டிக் போடும்போது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரி. எனக்கு ஒன்றாவது எட்டு மணி நேரம் சுத்தமாக ஓடியது. நான் கவரில் போட்டுத் தூக்கி வைத்தது அதைத்தான். இரண்டாவதில் மதியம் மறுபடி அதே 4 வந்தது.

இங்கேயே நிறுத்தி ரேம் வாங்கப் போய்விடாதீர்கள், இன்னொரு கட்டம் பாக்கி. கெட்டது என்று நினைக்கிற ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நல்லதை இந்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு சேர்ந்து போனால் ஸ்டிக். ஸ்லாட்டோடு தங்கிவிட்டால் போர்டு, அல்லது பிராசஸரை உட்காரவைத்திருக்கும் இடம். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் எந்த ஸ்லாட்டிலும் பிழை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு தடவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனியே இரண்டும் சுத்தம், சேர்த்துப் போட்டால்தான் பிழை என்பதும் நடக்கும். வேறு வேறு ஜோடி ஸ்டிக்குகளைக் கலந்து போட்டவர்களுக்கு அடிக்கடி. எனக்குப் பிழை ஸ்டிக்கோடுதான் போனது. நான்கு நாள் ஆனது இந்தக் கட்டத்தை நிரப்ப.

லேப்டாப்பில் ரேம் போர்டோடு ஒட்டியிருந்தால் கழற்றிப் பார்க்க வழியில்லை. சோதனை அதேதான், மருந்துதான் வேறு. போர்டு வேலை செய்கிறவரிடம் போக வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர்கள் கெட்ட முகவரியை மட்டும் தொடாதே என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்லி ஓட்டுவார்கள். வீட்டில் பாட்டுக் கேட்கிற மெஷினுக்கு அது சரி. அடுத்தவர் வீட்டு முகூர்த்தப் படம் இருக்கிற மெஷினில் நான் அந்த விளையாட்டுக்கு வரமாட்டேன்.

வாரண்டிக்குப் போகும்போது பில், சிவப்பு வரி தெரிகிற திரையின் படம், நான் நிரப்பிய கட்டம் மூன்றையும் கொண்டுபோனேன். ஜோடியாக விற்ற செட் என்றால் இரண்டையும் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். கவுண்டரில் இருந்தவர் அவர் மெஷினில் போட்டு, விண்டோஸ் வந்ததும், "ஓடுதே மேடம்" என்றார். படத்தைக் காட்டினேன், கட்டத்தைக் காட்டினேன். மதியம் வரை ஓடட்டும், காத்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாங்கிக்கொண்டார்.

புது ஸ்டிக் வந்ததும் அதையும் ஒரு நாள் மெம்டெஸ்ட்டில் போடாமல் வேலையை ஆரம்பிக்கவில்லை. நீங்களும் போடுங்கள். புதுசு என்பதால் நல்லது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் வருகிற வேலைதான் பெரிசு. ரேம் எப்போதிலிருந்து கெட்டது என்று தெரியாது. அந்தக் காலத்தில் காப்பி எடுத்த எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். கார்டு அழிக்காமல் இருந்த மூன்று கல்யாணத்தைத் திரும்ப எடுத்துவிட்டேன். ஒரு காதணி விழாவின் கார்டை முன்பே அழித்திருந்தோம். அதில் மூன்று படம் போயே போய்விட்டது. ஒன்றில் தாய்மாமன் மடியில் குழந்தை. மற்ற ஃபோல்டர்களைத் தினம் இரவு கடை அடைத்ததும் பெரிய தம்ப்நெயிலில் வைத்து நகர்த்திப் பார்க்கிறேன். மார்ச் மாதம் வரை வந்திருக்கிறேன்.